கிருமி கொல்லும் மெத்தையும் அக்காவின் சீட்டுக் காசும்



வன்னியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து அவருடைய மகனுக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. போன மாதம் நான் போனபோது அக்காவின் கையில் சீட்டுக் காசு இருந்தது. "தங்கச்சி, கிருமி கொல்லுற மெத்தை எண்டு கடையில சொல்லுறாங்கள். மற்றதை விட ரெண்டு மடங்கு விலை. இதில படுத்தா இவனுக்குப் புண் வராதாம். வாங்கட்டோ?" என்று கேட்டார்.

சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை விட்டுவிட்டுச் சமூகவியல் படித்தவள் நான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்துவிட்டுத்தான் திரும்பப் போனேன்.

நாம் ஸ்பொஞ்ச் என்று சொல்லும் இந்த மெத்தை பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவரது குழுவினரும் இதற்கான வழியைக் கண்டார்கள். பொலியோல், ஐசோசயனேற் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ப்பார்கள். தண்ணீர் ஐசோசயனேற்றோடு சேரும்போது காபனீரொட்சைட்டு வாயு கிளம்பும். பாண் மா பொங்குவது போல கலவை சில நிமிடங்களில் பொங்கி, அப்படியே இறுகிவிடும். (ஐசோசயனேற்றின் ஆவி ஆஸ்துமாவைக் கொண்டுவரும். இத்தகைய தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.)

கிருமி எதிர்ப்பு வேண்டுமென்றால், பொங்குவதற்கு முன்பே வெள்ளி அல்லது நாகம் கலந்த மருந்துப் பொருளைப் பொலியோலில் கலக்கலாம். இறுகிய பிறகு ஊறவைத்தும் ஏற்றலாம். சென்னை ஐஐடியில் பிரதீப் என்ற பேராசிரியரும் அவரது மாணவரும் நுண்ணிய வெள்ளித் துகள் கரைசலில் பொலியூரித்தேன் நுரையை ஊறவைத்துக் காயவிட்டு, பக்டீரியா கலந்த தண்ணீரை அதனூடாக வடித்தார்கள். வடிந்த தண்ணீரில் பக்டீரியா இருக்கவில்லை என்று 2005இல் எழுதினார்கள்.

ஆகவே கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் தண்ணீர் அந்த நுரையைத் தொட்டுக்கொண்டு போனது. அக்காவின் மகனுடைய தோலுக்கும் மெத்தைக்கும் இடையில் றெக்சின் உறையும் விரிப்பும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் மருந்து மெத்தையில் பூஞ்சணமும் நாற்றமும் பிடிக்காமல் பார்க்கும். பிள்ளையின் தோலுக்கு அது வந்து சேராது. படுக்கைப் புண் தொடங்குவதும் கிருமியால் அல்ல. எலும்பின் மேலுள்ள தசை நீண்ட நேரம் அழுந்தி, இரத்த ஓட்டம் நின்றுபோவதால்தான் அது வருகிறது. கிருமி பிறகு வந்து சேருவது.

வெள்ளி கலந்த நுரைக் கட்டுத் துணியும் உண்டு. அது தொற்றுப் பிடித்த புண்ணின் மேலேயே படுவதால் அங்கே பயன் இருக்கிறது. அதைக்கூட கிளினிக்கில் பார்த்துச் சொன்னால் மட்டும் போடுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இப்போதிருக்கும் மெத்தையைப் பார்த்தோம். மகன் படுத்திருக்க, இடுப்புக்கு நேரே மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நுழைத்தேன். எலும்பு கையில் இடித்தது. குறைந்தது ஓர் அங்குலத் தடிப்பாவது நசியாமல் இருக்க வேண்டும். அக்காவும் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பழைய மெத்தை ஏன் இவ்வளவு கெதியாகப் பழுதானது என்று கேட்டேன். மூத்திர மணம் போக ஒவ்வொரு கிழமையும் வெயிலில் போட்டிருக்கிறார். நாம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இந்த நுரை வெயில் பட்டால் மஞ்சளித்து உதிரும். நிழலில், காற்றுப்படக் காயவிட வேண்டும். உறையில் கிழிசல் இருந்தால் மூத்திரம் உள்ளே இறங்கிவிடும், பிறகு எந்த மருந்தாலும் அதை எடுக்க முடியாது.

அக்கா மருந்தில்லாத, தடித்த மெத்தையையே வாங்கினார். மிச்சக் காசில் மாற்றிப் போட இன்னொரு றெக்சின் உறை தைக்கக் கொடுத்திருக்கிறார். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மகனைப் புரட்டிவிட இப்போது அவரும் மருமகளும் முறை வைத்து எழும்புகிறார்கள்.