மணி ஒலித்தும் குரல் வராததேன்?

கடல் கடந்து வாழும் பிள்ளைகளோடு இணையத்தின் வழியே பேசுவது இன்று நம் இல்லங்களில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. ஆயினும் சில வேளைகளில் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. மணி ஒலிக்கும், அழைப்பும் ஏற்கப்படும், குரல் மட்டும் வராது. அல்லது ஒருவர் குரல் கேட்கும், மற்றவர் குரல் கேளாது. பிள்ளைக்குப் பேச மனமில்லையோ என்று தாய்மார் வருந்துவதும் உண்டு. இதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

இணையத்திற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாசம் வேண்டும். ஐ.பி. நான்காம் பதிப்பு எனப்படும் முறையில் அமையக்கூடிய விலாசங்கள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. இவை உலகுக்குப் போதா என்பதை உணர்ந்த அறிஞர், 1994ஆம் ஆண்டில் ஓர் உபாயத்தை வெளியிட்டனர். அதன்படி வீட்டுக் கருவிகள் தமக்குள் தனி விலாசங்களை வைத்துக்கொள்ளும். வெளியுலகுக்கு ரவுட்டரின் ஒரே விலாசம் மட்டுமே தெரியும். உள்ளிருந்து ஒரு பொதி புறப்படும்போது, ரவுட்டர் அதன்மேல் தன் விலாசத்தையும் ஒரு வாயில் இலக்கத்தையும் பொறித்து, அதனைத் தன் ஏட்டிலும் குறித்துக்கொள்ளும். மறுமொழி வந்தால் ஏட்டைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்ப்பிக்கும். ஏட்டில் இல்லாத பொதியைக் கைவிட்டுவிடும். தீச்சுவர் எனப்படும் காவலும் அழையா விருந்தாளியை உள்ளே விடாது.

செய்தி படிப்பதற்கு இம்முறை போதும். அங்கே முதலிற் கேட்பவர் உள்ளிருப்பவரே. பேச்சோ அத்தகையதன்று. நம் கருவி, அழைப்புகளை இணைக்கும் சேவையகத்தோடு முன்னமே தொடர்பு கொண்டிருப்பதால் மணி தடையின்றி ஒலிக்கும். குரல் பெரும்பாலும் இரு கருவிகளுக்கும் இடையே நேராகச் செல்ல முயலும். "என் குரலுக்கு மறுமொழியை இங்கே அனுப்புக" என்று கருவி தன் வீட்டு விலாசத்தையே அறிவித்தால், ரொறன்ரோவிலுள்ள கருவி அதனை எங்ஙனம் கண்டுபிடிக்கும்? 192.168 எனத் தொடங்கும் அவ்விலாசம் உலகெங்கும் எண்ணற்ற வீடுகளில் வழங்குகின்றதே!

இதற்குப் பரிகாரமாக 2003ஆம் ஆண்டில் 'ஸ்டன்' என்னும் முறை வகுக்கப்பட்டது. வெளியிலுள்ள ஒரு சேவையகத்திடம், "யான் உமக்கு எவ்விலாசத்தில் தோன்றுகிறேன்?" என்று கருவி வினவும். கிடைத்த விடையை மறுபுறத்தார்க்கு அறிவிக்கும். பின்னர் இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒன்றையொன்று நோக்கிப் பொதிகளை அனுப்பும். முதற் பொதி மறுபுறத்திலே தடைபடலாம். எனினும், அது வெளியேறியதனாலேயே இப்புறத்து ஏட்டில் ஒரு பதிவு ஏற்பட்டுவிடுகிறது. அதன்பின் எதிரேயிருந்து வரும் பொதி மறுமொழியாகக் கருதப்பட்டு உள்ளே விடப்படும். இவ்வாறு இரு வீட்டுப் படலைகளும் உள்ளிருந்தே திறக்கப்படுகின்றன.

சில ரவுட்டர்கள் செல்லுமிடந்தோறும் வெவ்வேறு வாயில் இலக்கத்தைக் கொடுக்கும். அவற்றிடம் இந்த உபாயம் பலிக்காது போகலாம். அப்பொழுது 'டர்ன்' என்னும் இடைச் சேவையகம் இருவர் குரலையும் தானே வாங்கிக் கொடுக்கும். வழி நீளுவதால் சிறிது தாமதம் நேரலாம், செலவும் மிகும். 2010ஆம் ஆண்டில் நெறிப்படுத்தப்பட்ட 'ஐஸ்' என்னும் முறை, இவ்வழிகள் யாவற்றையும் சோதித்துத் தக்கதைத் தெரிந்தெடுக்கின்றது. நெடுநேரம் மௌனமாயிருந்தால் ஏட்டின் பதிவு அழிந்துவிடுமாதலால், சிறு பொதிகளை இடையிடையே அனுப்பி அதனைக் காப்பதும் உண்டு.

ஐ.பி. ஆறாம் பதிப்பில் விலாசங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் காவல் என்றும் வேண்டப்படும். ஆகவே படலையை உள்ளிருந்து திறக்கும் இந்த வித்தையும் நிலைத்திருக்கும். மாணவர்கள் இதனை நன்கு கற்றல் நலம்.

குரல் வரவில்லையென்று தீச்சுவரை நீக்கிவிடும்படி எவரேனும் சொன்னால் இல்லத்தார் அதற்கு இணங்க வேண்டா. ஒரு விருந்தினருக்காகப் படலையையே பிடுங்கி எறிவார் உண்டோ? வீட்டு இணைப்பை விடுத்துக் கைத்தொலைபேசியின் இணைப்பில் மீண்டும் அழைத்துப் பாருங்கள். வழி மாறினால் குரல் வந்து சேரக்கூடும். அதற்குள் பிள்ளைமேற் குறைகாண வேண்டா, அவரும் அங்கே "கேட்கிறதா அம்மா?" என்று கூவிக்கொண்டிருக்கலாம்.