“தெரியாது” என்றால் யாருக்கு மன்னிப்பு?

நேர்முகத் தேர்வில் “ஸ்பிரிங் பூட் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். தெரியாது. என்ன சொல்வது?

“நேர்மையாகச் சொல்லுங்கள், கற்றுக்கொள்வேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்” என்பது யூடியூப் ஆலோசகர்களின் வழக்கமான பதில். தவறில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. கான்வென்ட் ஆங்கிலத்தில் வரும் “தெரியாது” தன்னம்பிக்கையாகிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி சொன்னால், “கோட்டாவில் வந்தவர்கள் இப்படித்தான்” என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதப்படுகிறது.

இது வெறும் ஊகமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி மட்டுமே முக்கியம் என்ற அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணி கேட்பதையும் இயல்பாகச் சொன்னார்கள். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டுவதில்லை. அதனால்தான் “சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்” என்று சுற்றி வளைக்கிறார்கள்.

பெரிய ஐடி நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகே வேலையில் அமர்த்துகின்றன. இன்ஃபோசிஸ் மைசூருவில் ஒரு பெரிய பயிற்சி வளாகமே நடத்துகிறது. வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியாது என்பது தெரிந்துதான் எடுக்கிறார்கள். அப்படியானால் அந்த அரைமணி நேரத்தில் அளக்கப்படுவது என்ன? உச்சரிப்பா, சட்டையா, அப்பாவின் தொழிலா?

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். தெரிந்த பக்கத்து விஷயத்துக்குப் பேச்சைத் திருப்புங்கள்: “ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்ததில்லை. ஜாவாவில் கல்லூரி நூலகத்துக்கு ஒரு செயலி எழுதினேன், அதில் தரவுத்தளத்தை இப்படி இணைத்தேன்.” மன்னிப்புக் கேட்கும் தொனி மட்டும் வேண்டாம் (நமக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது).

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் இருபத்தியொரு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்ற முடியாது. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்போம். அது வரும்வரை, கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் வளாகத்துக்குள் வரும் நிறுவனங்களிடம் ஒன்றைக் கேட்கலாம்: எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒவ்வொரு பதிலுக்கும் எழுத்தில் மதிப்பெண். அந்தத் தாளில் அப்பாவின் தொழிலுக்குக் கட்டம் இருக்கக் கூடாது.