வீட்டில் வைத்துப் பார்த்தால் பத்திரமா?

"ஆஸ்பத்திரி என்றால் கிருமி. வீட்டில் நம் கையால் பார்த்துக்கொண்டால் பத்திரம். பாசம் இருந்தால் போதும், இதற்கென்ன படிப்பு?" டிஸ்சார்ஜ் ஆகிற நேரத்தில் எந்த வார்டு வாசலிலும் இதைக் கேட்கலாம். கிருமி விஷயம் உண்மைதான். மீதியை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கவாதத்தோடு அப்பா வீடு திரும்பியபோது நாங்களும் இதையேதான் சொன்னோம். மூக்குக் குழாய் வழியே கஞ்சி. மனுஷன் அசந்து கிடக்கிறாரே என்று, படுத்தவாக்கிலேயே அம்மா ஊற்றினார். இருமல் வந்தது, கண் செருகியது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும். அம்மாவின் பாசத்தில் என்ன குறை? அந்தப் பாசம்தான் அவரைப் படுக்கவிட்டது. பிறகு வந்த நர்ஸ், தலையணை எதுவரை உயர வேண்டும் என்று கட்டிலோரச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார்.

"மருந்துக்குத்தான் சீட்டு இருக்கிறதே" என்பார்கள். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. ஊசியும் அதற்கேற்ப வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சீட்டில் எழுதியிருப்பதோ வெறும் 20.

பழகிய வீட்டில் எப்படி விழுவார் என்று கேட்பவர்கள், சீயக்காய்ப் பிசுக்கு படிந்த பாத்ரூம் தரையில் ஈரக்காலோடு நின்று பார்க்கட்டும். விழுந்தவர் உள்ளே தாழ்ப்பாளும் போட்டிருந்தால் கதவை உடைக்க ஆள் தேட வேண்டும்.

ஆள் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிற அந்தப் பெண்ணின் முதுகை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது விரலில் குத்திக்கொள்பவரும் அவர்தான். குப்பைப் பையில் அப்படியே போட்டால் மறுநாள் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், அதைக்கூட நாம் வாங்கித் தருவதில்லை.

படிப்பு வேண்டாம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அரசு ஏன் வீடு தேடி அனுப்புகிறது? அவர்கள் வந்துபோகிற நேரம் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் நம் கைதான். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டு வாங்குமுன், நர்ஸ் பக்கத்தில் நிற்க, ஒரு வேளைக் கஞ்சியை நீங்களே குழாயில் ஊற்றிப் பாருங்கள். கை நடுங்குவதானால் அங்கேயே நடுங்கட்டும்.