கோரிப்பாளையம் சிக்னலில் இருப்பது கேயாஸ் அல்ல!

கேயாஸ் என்றால் பலருக்கும் 2008-ல் வந்த தசாவதாரத்துப் பட்டாம்பூச்சி. மதுரைக்காரருக்கு அதுவும் வேண்டாம். கோரிப்பாளையம் சிக்னலைக் காட்டி "இதுதான்யா கேயாஸ்" என்பார். இல்லை ஐயா, அது வெறும் நெரிசல்! விதி துளியும் பிசகாமல் நடக்கும். ஆனால் தொடக்கம் மயிரிழை மாறினாலும் முடிவு எங்கேயோ போய்விடும். அதுதான் கேயாஸ்.

நம் கல்லூரிகளின் குவாண்டம் பாடத்தில் இதற்கு இடமே இல்லை. செவ்வகப் பெட்டி, ஹைட்ரஜன் அணு... எல்லாம் தாளில் விடை வரும் கணக்குகள். பெட்டியை ஓட்டப்பந்தய மைதானம் போல, இரண்டு நேர்கோடு, இரண்டு அரைவட்டம் என்று மாற்றிப் பாருங்கள். உள்ளே துள்ளும் பந்தின் பாதை கேயாஸ் ஆகிவிடும். எலெக்ட்ரானை விட்டால்? அதற்குத் திட்டமான பாதையே கிடையாதே! அப்போது கேயாஸ் எங்கே போகிறது?

ஆற்றல் மட்டங்களின் இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செவ்வகத்தில் மட்டங்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாது, ஒட்டியும் நிற்கும். மைதானத்தில் ஒன்றையொன்று தள்ளி நிற்கும்.

இதைப் பார்க்கக் கோடிகள் வேண்டுமாம். சாக்கு! மைக்ரோவேவும் ஒளியின் இனம்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. தட்டையான உலோகப் பெட்டிக்குள் அது கீழ்ப்படியும் சமன்பாடும், அதே வடிவப் பெட்டியில் எலெக்ட்ரானுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாடும் ஒரே அச்சு. 1990-ல் ஜெர்மனியில் ஸ்டாக்மனும் ஸ்டைனும் இப்படித்தான் மட்டங்களை அளந்தார்கள். 1991-ல் அமெரிக்காவில் ஸ்ரீனிவாஸ் ஸ்ரீதர், பந்தின் நிலையற்ற சுற்றுப்பாதைகள் மேல் அலை தழும்பு போலத் திரண்டு நிற்பதையே படமாக்கினார்.

"மைக்ரோவேவ் பெட்டி நிஜக் குவாண்டம் இல்லையே?" நியாயமான கேள்வி. ஆனால் இங்கே விசாரணை அலையைப் பற்றியது. அலை இரண்டிலும் ஒன்றே. நிஜக் குவாண்டமே வேண்டுமென்றால் புனே ஐசர் இருக்கிறது. அங்கே உமாகாந்த் ரபோல், சந்தானம் குழுவினர் குளிர்ந்த ருபிடியம் அணுக்களை லேசர் துடிப்புகளால் உதைத்துச் செய்த சோதனை 2017-ல் வெளியானது. அதற்குத்தான் பெரிய ஆய்வகம் தேவை.

மேசை மேல் கேயாஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்து முரளியும் லட்சுமணனும் சுவாவோடு சேர்ந்து 1994-ல் தந்த எளிய மின்சுற்றை எந்த மாணவரும் கட்டலாம்.

ஒளிக்கும் அப்படி ஒரு பயிற்சி வேண்டும். வளைத்த கண்ணாடித் தகடும் லேசர் பாயின்டரும் கதிரின் கேயாஸைக் காட்டிவிடும். அலைப் பக்கத்துக்கான அளவுக் கருவி விலை கூடியதுதான். நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து வாங்கட்டும். நியூட்டன் வளையங்களை எண்ணும் நாட்களில் ஒரே ஒரு நாளை விட்டுக்கொடுங்கள், போதும்.