பாம்புக் கூட்டின் பலகை

அண்மையில் நம் நாட்டின் மிருகக்காட்சிசாலை ஒன்றிற்குச் சென்றிருந்தேன். ஊர்வனப் பகுதியில்தான் கூட்டம் நெருக்கியடித்தது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்திறங்கியிருந்தனர். கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்த கூட்டின் முன் நின்ற தகப்பன் ஒருவர், அதனை மலைப்பாம்பு என மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பலகையில் இருந்ததோ ஒரு பெயரும், அது எங்கெங்கே வாழ்கிறது என்ற ஒரு வரியும் மட்டுமே.

அத்தகப்பனை நான் குறைகூற மாட்டேன். மலைப்பாம்புக் குட்டிக்கும் கண்ணாடி விரியனுக்கும் உடலெங்கும் கபிலநிறத் திட்டுகள். வயல் வரம்பிலும் இதே தவறு நேர்வதுண்டு. அங்கே இடையில் கண்ணாடி இராது.

2012 - 2013 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் வீடு வீடாக நடத்தப்பட்ட ஆய்வு, பன்னிரண்டு மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு இலக்காகினர் என்றும், 464 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டது. இத்தகைய நாட்டில் பாம்புக் கூட்டின் பலகை வெறும் பெயர்ப்பலகையாக இருக்கலாமா?

கட்டு விரியனை எடுத்துக்கொள்வோம். தரையில் பாய் விரித்து உறங்குவோரை அது நள்ளிரவில் கடிக்கிறது. வலி அதிகம் இராதபடியால் பலருக்குக் கடிபட்டதே தெரிவதில்லை. விடியுமுன் வயிற்றுவலி தொடங்கும், பின் கண்ணிமைகள் சோரும், அதன்பின் மூச்சு. ஓலைக் குடிசையில் வாழும் ஏழையைக் காப்பாற்றக் கூடியவை ஒரு கட்டிலும், பாயின் கீழ் நன்கு செருகிய நுளம்பு வலையும். இதனை எழுத நான்கு வரிகள் போதும். கடித்த இடத்தைக் கீறாதீர், இறுகக் கட்டாதீர், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள் என்பதற்கு இன்னும் ஒரு வரி.

சிங்களவர் பொலொன் தெலிஸ்ஸா என்றழைக்கும் சிறு விரியன்தான் இங்கு அதிகம் பேரைக் கடிப்பது. நாம் இந்தியாவிலிருந்து தருவிக்கும் விஷமுறிவு மருந்து அங்குள்ள நான்கு பாம்புகளின் விஷத்துக்கென ஆக்கப்பட்டது. இதன் விஷத்துக்கு அது பயன்படாது. கூட்டைப் பார்த்துச் செல்லும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மிருகக்காட்சிசாலை பொழுதுபோக்கிடமே அன்றிப் பாடசாலை அல்ல என்பார் உளர். அப்படியாயின் பாடசாலைகள் ஏன் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்கின்றன?

ஈரூடகவாழிகளின் கதி இன்னும் மோசம். மூலையில் பாசி படர்ந்த இரண்டு தொட்டிகள், எட்டிப் பார்ப்பாரில்லை. இம்மண்ணின் நூற்றுக்கும் மேற்பட்ட தவளையினங்களுள் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. 1876க்குப் பின் எவரும் காணாது, அழிந்ததெனக் கருதப்பட்ட கண்டித் தேரை சிவனொளிபாதமலைக் காட்டில் உயிருடன் இருப்பது 2012இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சேதிக்குக்கூட அச்சுவரில் இடம் கிடைக்கவில்லை.

நான் திரும்புகையில் அச்சிறுவன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டவேண்டாம் என்ற அறிவிப்பு மட்டும் மூன்று மொழிகளிலும், பெரிய எழுத்தில், பிழையின்றி எழுதப்பட்டிருந்தது.