மாதிரி விமானம் வீண் செலவா?

மாதிரி விமானம் ஒட்டுதல் காசைக் கரைக்கும் விளையாட்டு எனப் பெற்றோர் சிலர் கருதுகின்றனர். பெட்டிமேல் பெட்டியாக வாங்கி ஒட்டினால் அஃது உண்மையே. தோட்டத் தொழிலாளிக்கு அவ்விலை சிறிதன்று. ஒன்றையே வாங்கி மாற்றியமைப்பதோ கல்வி என்போம்.

கனடா நாட்டின் ‘டியூட்டர்’ பயிற்சி ஜெட் மாதிரியை எடுத்துக்கொள்வோம். அதனை, 1967 முதல் அரச மலேசிய ஆகாயப் படையில் பறந்த ‘தெபுவான்’ ஆக்கலாம். (குளவி! பொருத்தமான பெயர்தான்.) இறக்கைகளின்கீழ் ஆயுதம் தாங்கும் ஆறு இடங்களைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பொருத்த வேண்டும். உண்மை விமானத்தின் நீளம் 9.75 மீட்டர்; 72இல் ஒரு பங்காகச் செய்த மாதிரியில் 13.5 சென்டிமீட்டர். கணக்கு நூலைக் கண்டு ஓடும் சிறுவனும் இவ்வகுத்தலை ஆவலோடு செய்வான். ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமரும் இருக்கைகளுக்கு வேண்டிய பட்டைகளைத் தாளில் கத்தரித்தே ஒட்டலாம். அதற்குக் கடைக்குப் போக வேண்டா.