சட்டையை மட்டும் கொண்டுவராதீர்கள்

புந்தோங், செம்மோர், சுங்கை சிப்புட் பக்கத்துப் பெற்றோரே, இந்தக் கண்டிப்பு உங்களுக்குத்தான். தையல்காரியாகவும் சாரணர் பிள்ளையின் அம்மாவாகவும் சொல்கிறேன்.

முகாமுக்கு முந்தின இரவு சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய சின்னங்களையும் கொண்டுவந்து மேசையில் வைக்கிறீர்கள். எது எங்கே என்று கேட்டால், "நெஞ்சுல எங்கயாச்சும் வச்சித் தச்சிடுங்கக்கா" என்கிறீர்கள். எந்தச் சின்னம் எந்தப் பக்கம், சட்டைப் பையின் மேலேயா நடுவிலேயா என்று படம் போட்டே கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பாசிரியர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாரக்கணக்காகிறது. திறந்துகூடப் பார்ப்பதில்லையா?

பல பள்ளிகள் கூடும் முகாமில் ஒரு பிள்ளை வழிதவறி நின்றால், எந்தக் குழு, எந்த மாவட்டம் என்று சட்டையைப் பார்த்துத்தான் பொறுப்பாளர் கண்டுபிடிப்பார். குழு எண் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் அழகுக்கு ஒட்டிய வேறு சின்னம் இருந்தால் அவர் என்ன செய்வார்?

ஊதா நிறத்தில் இருக்கும் உலகச் சாரணர் சின்னத்தையாவது ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மூன்று இதழும் உறுதிமொழியின் மூன்று பகுதி. இரண்டு நட்சத்திரத்தின் பத்து முனையும் பத்துச் சட்டம். சுற்றியிருக்கும் கயிறு கீழே பூக்கு சீலா முடிச்சில் சேர்கிறது. பிள்ளை முதலில் கற்கும் முடிச்சுகளில் அதுவும் ஒன்று. அதைத் தலைகீழாகத் தைத்த சட்டையைப் பிரித்திருக்கிறேன். சூப்பர் குளூ போட்டு ஒட்டியதையும் பார்த்தேன். துணி தகடு மாதிரி விறைத்துப்போய், பிளேடால் சுரண்டியதில் சட்டையே கிழிந்தது.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறு. கடையில் எல்லாச் சின்னமும் கிடைக்கிறது என்று வெண்கலப் படியான கிரிஸ் காங்சாவே இன்னும் வாங்காத பிள்ளைக்குத் தங்கப் படியான கிரிஸ் எமாஸைக் காசு கொடுத்து வாங்கிவருகிறீர்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கூடாரம் கட்டி, முதலுதவி செய்து காட்டி, படிப்படியாகச் சோதனையில் தேறி வாங்கியது அது. உங்கள் பிள்ளைக்கும் அது தெரியும். சபைகூடலில் அவன் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பான்? பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாடத்தில் 10 விழுக்காடு என்று காரணம் சொல்கிறீர்கள். வருகை, பொறுப்பு, பங்கேற்பு, அடைவு இவற்றைப் பார்த்துத்தான் அந்தப் புள்ளி. சட்டையில் எத்தனை சின்னம் என்று யாரும் எண்ணுவதில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவது நல்ல பழக்கம்தான். ஆனால் அண்ணன் தேறி வாங்கிய சின்னங்களைப் பிரித்து எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் அம்மாக்கள், எட்டு வயதிலேயே நம் கையில் ஊசியைக் கொடுத்தார்கள். அறுந்த பட்டனை நாமே தைத்துக்கொண்டோம். இன்று நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை என்றால், அது பிள்ளையின் குற்றமா?

தையல் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புதுச் சட்டையை முதலில் துவைத்துவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். பிள்ளைக்கு மாட்டிவிட்டு, படத்தைப் பார்த்து அவனையே சாக்குக் கட்டியால் குறிக்கச் சொல்லுங்கள். சட்டைப் பையின் மேல் வரும் சின்னமென்றால் உள்ளே ஓர் அட்டையை நுழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பையும் சேர்ந்து தைபட்டுவிடும். மிஷினில் அவசரமாக ஓட்டினால் இதுதான் நடக்கிறது. அப்புறம் நோட்டுப் புத்தகம் வைக்கப் பை இல்லாமல் பிள்ளை முழிக்கிறான். சின்னத்தின் ஓர நிறத்திலேயே நூல் எடுத்து நெருக்கமாகக் கைத்தையல் போட்டால் போதும். முதல் தடவை கோணும். பிரித்து மறுபடியும் தைக்கட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள்.

அதற்கும் நேரமில்லை என்பவர்கள் சனிக்கிழமை மத்தியானம் சட்டையோடு பிள்ளையையும் கூட்டி வாருங்கள். ஆசிரியர் அனுப்பிய படமும் கைப்பேசியில் இருக்கட்டும். ஊசியும் நூலும் என்னிடம் இருக்கிறது, காசு வேண்டாம். பிள்ளை வராத சட்டையை இனி நான் வாங்கிவைக்க மாட்டேன்.